ஸ்னாப்ஷாட்டும் குளோனும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்" என்பது நம் முன்னோர் மொழி. கணினியில் வேலை செய்வோருக்கு இது மிகவும் பொருந்தும். புதிய மென்பொருள் ஒன்றை நிறுவுகிறோம். கணினி இயங்க மறுக்கிறது. ஏதோ ஓர் அமைப்பை மாற்றுகிறோம். அதுவரை கிடைத்த இணையம் நின்றுவிடுகிறது. "ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிட முடியாதா?" என்று மனம் ஏங்குகிறது. மெய்நிகர் கணினியைப் பயன்படுத்துவோருக்கு இன்று அந்த வாய்ப்பு உண்டு. அதற்கு உதவும் முறைகள் இரண்டு. ஒன்று ஸ்னாப்ஷாட், மற்றொன்று குளோன்.

ஸ்னாப்ஷாட் என்றால் நொடியில் எடுத்த நிழற்படம் என்று பொருள். இந்தப் பெயரே பலரை ஏமாற்றிவிடுகிறது. நம் வீட்டைப் படமெடுத்து வேறோர் ஊரிலுள்ள பாட்டி வீட்டில் வைத்தால், நாளை வீடு இடிந்தாலும் படம் இருக்கும். கணினி வட்டின் ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் அப்படிப்பட்டதன்று. வீடு போனால் படமும் போய்விடும்! அது ஏன் என்பதை விளங்கிக்கொண்டால், எதை எப்போது நம்பலாம் என்பதும் விளங்கும். விளங்கிக்கொள்ளாதவர்கள் பல ஆண்டு உழைப்பை ஒரே நாளில் இழந்திருக்கிறார்கள். அன்புத் தோழியரே, இதனை அடிப்படையிலிருந்து படிப்படியாகக் காண்போம்.

மெய்நிகர் கணினி என்றால் என்ன?

ஒரு கணினிக்குள் மென்பொருளால் உண்டாக்கப்படும் மற்றொரு கணினியே மெய்நிகர் கணினி. அதற்கென்று செயலி, நினைவகம், வன்தட்டு, வலையமைப்பு அட்டை எல்லாம் இருப்பதாகத் தோன்றும். அதனுள் இயங்கும் இயக்க அமைப்பும் அவற்றை உண்மை என்றே எண்ணி வேலை செய்யும். ஆனால் கையால் தொட்டுப் பார்க்க அங்கே ஒன்றும் இராது.

இது புதிய கருத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐபிஎம் நிறுவனத்தின் அறிவியல் நிலையத்தில் சிபி-40 என்னும் அமைப்பு உருவாகி, 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரே கணினி 14 கணினிகளாகத் தோன்றும்படி அது செய்தது. அதே வழியில் வந்த விஎம்/370 என்பதை ஐபிஎம் 1972-இல் அறிவித்தது. அக்காலத்தில் கணினி என்பது ஓர் அறையை நிறைக்கும் பெரும் பொறி. அதை ஒருவரே வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்க இவ்வழி தேவைப்பட்டது.

மேசைமேல் வைக்கும் சிறு கணினிகளிலும் இதனைச் செய்ய முடியும் என்று காட்டியவர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. டயான் கிரீன் என்பவர் கப்பல் வடிவமைப்புப் பயின்று, பின்பு கணினி அறிவியலும் கற்றவர். அவர் தம் கணவர் மெண்டல் ரோசன்பிளம் மற்றும் மூன்று தோழர்களுடன் 1998-இல் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைமை அதிகாரியாக இருந்தார். அதன் முதல் மென்பொருள் 1999-இல் வெளிவந்தது. பிரெஞ்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார் 2003-இல் கியூஎமு என்னும் மென்பொருளை வெளியிட்டார். 2007-இல் லினக்ஸ் கருவோடு கேவிஎம் என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. இவ்விரண்டும் இணைந்து இன்று உலகெங்கும் எண்ணற்ற மெய்நிகர் கணினிகளை இயக்குகின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் என்பதும் மாணவர்களிடையே பெயர் பெற்றது.

வன்தட்டு ஒரு கோப்பு ஆகிறது

மெய்நிகர் கணினியின் வன்தட்டு எங்கே இருக்கிறது? அதைத் தாங்கும் உண்மைக் கணினியில் ஒரு பெரிய கோப்பாக இருக்கிறது. நாம் எழுதும் கடிதம் ஒரு கோப்பு, நாம் எடுத்த படம் ஒரு கோப்பு என்பதைப் போலவே, ஒரு முழுக் கணினியின் வன்தட்டும் இங்கே ஒரு கோப்புதான். இதனை வட்டுப் படிமம் என்பர். இக்கட்டுரையில் எளிமைக்காக வட்டுக் கோப்பு என்றே அழைப்போம்.

கியூஎமு பயன்படுத்தும் கியூகவ் 2 என்னும் வட்டுக் கோப்பை எடுத்துக்கொள்வோம். அது வன்தட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கிறது. வேறு அளவு குறிப்பிடாவிடில் ஒரு கட்டத்தின் அளவு 64 கிலோபைட். வன்தட்டு 40 ஜிகாபைட் என்றால், அதில் 6,55,360 கட்டங்கள் இருக்கும். எந்தக் கட்டம் கோப்பில் எந்த இடத்தில் உள்ளது என்பதை ஓர் அட்டவணை காட்டும். புத்தகத்தின் முன்பக்கத்திலுள்ள பொருளடக்கம் போன்றது இது. ஒவ்வொரு கட்டத்துக்கும் அட்டவணையில் 8 பைட் இடம் தேவை. ஆக, 40 ஜிகாபைட் முழுவதற்கும் வேண்டிய அட்டவணை 5 மெகாபைட் அளவே ஆகிறது. தோழியர் பெருக்கிப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

இன்னும் எழுதப்படாத கட்டங்களுக்குக் கோப்பில் இடம் ஒதுக்கப்படுவதில்லை. எனவே 40 ஜிகாபைட் வன்தட்டில் 12 ஜிகாபைட் மட்டும் எழுதப்பட்டிருந்தால், வட்டுக் கோப்பும் ஏறத்தாழ 12 ஜிகாபைட் அளவே இருக்கும். இந்த அட்டவணை முறையைப் பயன்படுத்தியே ஸ்னாப்ஷாட் வேலை செய்கிறது.

நிலப்படமும் டிரேசிங் பேப்பரும்

புவியியல் வகுப்பில் நாம் நிலப்படம் வரைகிறோம். அச்சடித்த இந்திய நிலப்படம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதில் நேரடியாக ஆறுகளை வரைந்து தவறிவிட்டால் படம் பாழாகிவிடும். எனவே அதன்மேல் ஒரு டிரேசிங் பேப்பரை வைத்து, நாலு மூலையிலும் குண்டூசி குத்தி, அதன்மேல் வரைகிறோம். எல்லைக் கோடுகள் அடியிலிருந்து தெரிகின்றன. நாம் வரையும் ஆறுகள் மேல்தாளில் மட்டும் பதிகின்றன.

ஸ்னாப்ஷாட் எடுப்பது என்பது இதுவேதான். அந்த நொடியில் பழைய வட்டுக் கோப்பு பூட்டப்படுகிறது. அதில் இனி எவரும் எழுதக்கூடாது. அதன்மேல் வெறுமையான புதிய கோப்பு ஒன்று வைக்கப்படுகிறது. இதனை மேற்கோப்பு என்று அழைப்போம். மெய்நிகர் கணினி எதையேனும் எழுதினால் மேற்கோப்பில் எழுதப்படும். எதையேனும் படிக்க விரும்பினால், முதலில் மேற்கோப்பின் அட்டவணையைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால் அடிக்கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

இந்த உவமையில் ஒரு வேறுபாடு உண்டு. டிரேசிங் பேப்பரில் நாம் வரைந்த பின்னும் அடியிலுள்ள கோடு தெரியும். வட்டுக் கோப்பில் அப்படித் தெரியாது. அடியிலுள்ள ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றினாலும், அந்த 64 கிலோபைட் கட்டம் முழுவதும் மேற்கோப்பில் படியெடுக்கப்பட்டு, அங்கே மாற்றம் செய்யப்படும். அதன்பின் அடியிலுள்ள பழைய கட்டம் மறைந்துவிடும். ஆனால் அழியாது. இதனை 'எழுதும்போது படியெடுத்தல்' என்கிறார்கள். கியூகவ் என்னும் பெயரின் பிற்பகுதியும் இதையே குறிக்கிறது.

12 ஜிகாபைட் கோப்புக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சில நொடிகளே ஆகும் காரணமும் இப்போது விளங்குகிறது அல்லவா? அங்கே எதுவும் படியெடுக்கப்படவே இல்லை. ஒரு வெற்றுத் தாள் வைக்கப்பட்டது, அவ்வளவே. விரைவு என்பது ஸ்னாப்ஷாட்டின் சிறப்பு. அதன் பலவீனமும் அந்த விரைவிலேயே இருக்கிறது. அடியிலுள்ள நிலப்படத்தை எடுத்துவிட்டால், டிரேசிங் பேப்பரில் எல்லையில்லாத வெறும் ஆறுகளே அந்தரத்தில் நிற்கும்.

திரும்புதலும் நீக்குதலும்

ஸ்னாப்ஷாட் எடுத்தபின் நாம் செய்யக்கூடிய செயல்கள் இரண்டு. இவற்றைப் புதியவர்கள் பெரும்பாலும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

முதலாவது, பழைய நிலைக்குத் திரும்புதல். டிரேசிங் பேப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிய தாள் ஒன்றை வைப்பது போன்றது இது. ஸ்னாப்ஷாட் எடுத்தபின் செய்த கெடுதல்கள் எல்லாம் போய்விடும். அதன்பின் செய்த நல்ல வேலைகளும் கூடவே போய்விடும்! திங்கட்கிழமை ஸ்னாப்ஷாட் எடுத்து, வியாழக்கிழமை திரும்பினால், இடையில் மாணவியர் எழுதிய கட்டுரைகள் அனைத்தும் மறையும். கணினிக்கு நல்லது எது, கெட்டது எது என்று பிரித்தறியத் தெரியாது.

இரண்டாவது, ஸ்னாப்ஷாட்டை நீக்குதல். 'நீக்குதல்' என்ற சொல்லைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில் இதனால் இன்றைய வேலை எதுவும் அழிவதில்லை. மேற்கோப்பில் உள்ள மாற்றங்கள் அடிக்கோப்பில் சேர்க்கப்பட்டு, இரண்டும் ஒன்றாகின்றன. டிரேசிங் பேப்பரில் வரைந்த ஆறுகளை நிலப்படத்திலேயே மையால் வரைந்துவிட்டு, தாளைக் களைவதற்கு இது சமம். போவது பழைய நிலைக்குத் திரும்பும் வழி மட்டுமே.

ஆனால் இதை மெய்நிகர் கணினியின் மென்பொருள் மூலமாகவே செய்ய வேண்டும். "இந்தக் கோப்பு என்னவென்று தெரியவில்லை, இடத்தை அடைக்கிறது" என்று அடிக்கோப்பையோ மேற்கோப்பையோ கையால் அழித்தால், முழு வன்தட்டும் படிக்க முடியாததாகிவிடும். மேற்கோப்பு இருக்கும்போது அடிக்கோப்பில் எதையேனும் எழுதினாலும் அதே கேடு விளையும். அடியிலுள்ள நிலப்படத்தில் எவரோ எல்லைகளை மாற்றி வரைந்தால் மேலே உள்ள ஆறுகள் தவறான இடத்தில் ஓடும் அல்லவா?

ஓடும் கணினியைப் படமெடுத்தல்

அணைத்து வைத்த கணினிக்கு ஸ்னாப்ஷாட் எடுப்பது எளிது. ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்கு எடுக்கும்போது கவனம் தேவை. நாம் எழுதுவது உடனே வன்தட்டுக்குப் போய்விடுவதில்லை. சிறிது நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். அந்த நேரத்தில் வட்டை மட்டும் படமெடுத்தால், பாதி எழுதிய வாக்கியத்தோடு நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கியது போல ஆகும். பின்னர் அந்நிலைக்குத் திரும்பும்போது, மின்சாரம் திடீரென்று போய் மறுபடி வந்த கணினியைப் போல அது விழித்தெழும். பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும், ஆனால் சில நேரங்களில் கணக்குப் பதிவேடுகள் கெட்டுப்போகும்.

இதைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. நினைவகத்தையும் சேர்த்துப் பதிவு செய்வது ஒரு வழி. 4 ஜிகாபைட் நினைவகம் என்றால், ஏறக்குறைய அந்த அளவு இடம் கூடுதலாகத் தேவைப்படலாம். மற்றொரு வழி, மெய்நிகர் கணினிக்குள் ஒரு சிறு உதவி நிரலை வைத்திருப்பது. "படமெடுக்கப் போகிறோம், எழுதிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டுச் சற்றுப் பொறு" என்று அது உள்ளே சொல்லும். வகுப்புப் புகைப்படம் எடுக்கும் முன் "அசையாமல் நில்லுங்கள்" என்று சொல்வது போலத்தான்.

மற்றொன்றும் நினைவில் இருத்தல் வேண்டும். பின்னோக்கிப் போவது அந்தக் கணினி மட்டுமே. வெளியுலகம் அதனுடன் போவதில்லை. செவ்வாய்க்கிழமை அனுப்பிய மின்னஞ்சல் போனது போனதுதான். திங்கட்கிழமை நிலைக்குத் திரும்பிய கணினி அதை அறியாமல் மீண்டும் ஒருமுறை அனுப்பவும் கூடும்.

தாள்கள் பெருகினால்

ஒரு டிரேசிங் பேப்பரின்மேல் மற்றொன்று, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் பத்துத் தாள்களுக்கு அடியிலுள்ள நிலப்படம் எப்படித் தெரியும்? கணினியும் ஒவ்வொரு தாளாகத் தேடிப் பார்க்க வேண்டியிருப்பதால் வேகம் குறைகிறது. விஎம்வேர் மென்பொருள் ஒரு சங்கிலியில் 32 ஸ்னாப்ஷாட்கள் வரை அனுமதிக்கிறது. ஆயினும் 2 அல்லது 3-க்கு மேல் வேண்டாம் என்றும், ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றும் அதன் வழிகாட்டுக் குறிப்பு அறிவுறுத்துகிறது. ஸ்னாப்ஷாட்டைக் காப்பு நகலாகக் கொள்ளக்கூடாது என்றும் அதே குறிப்பு கூறுகிறது.

காரணம் இதுதான். மேற்கோப்பு நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகும். 40 ஜிகாபைட் வன்தட்டின் எல்லாக் கட்டங்களும் ஒருமுறை மாற்றி எழுதப்பட்டால், மேற்கோப்பும் 40 ஜிகாபைட் ஆகிவிடும். உண்மை வன்தட்டில் இடம் தீர்ந்துவிட்டால் மெய்நிகர் கணினி நின்றுவிடும். மறந்துபோன ஸ்னாப்ஷாட், மூடாமல் விட்ட குழாய்க்கு ஒப்பாகும்.

குளோன்

இனி குளோனைப் பற்றிப் பார்ப்போம். குளோன் என்பது ஒரு மெய்நிகர் கணினியைப் போலவே மற்றொன்றை உண்டாக்குவது. இதில் இருவகை உண்டு.

முழுக் குளோன் என்பது அடிக்கோப்பு, மேற்கோப்புகள் அனைத்தையும் படித்து, ஒரே புதிய கோப்பாக எழுதுவது. நிலப்படத்தையும் டிரேசிங் பேப்பரையும் சேர்த்துப் பார்த்து, புதிய அட்டையில் முழுமையாக வரைந்துகொள்வதைப் போன்றது. நேரம் ஆகும், இடமும் ஆகும். ஆனால் வரைந்து முடித்தபின் அது தனித்து நிற்கும். பழையது கிழிந்தாலும் புதியதற்கு ஒன்றும் நேராது.

இணைப்புக் குளோன் என்பது ஒரே அடிக்கோப்பைப் பலர் பகிர்ந்துகொள்வது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மேற்கோப்பு கொடுக்கப்படும். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கணினிக்கூடத்தில் 30 மாணவியருக்கு ஆளுக்கொரு மெய்நிகர் கணினி வேண்டும். அடிக்கோப்பு 12 ஜிகாபைட். முழுக் குளோன் என்றால் 30 × 12 = 360 ஜிகாபைட் தேவை. இணைப்புக் குளோனில் ஒவ்வொருவரும் 1.5 ஜிகாபைட் அளவுக்கு மாற்றம் செய்வதாகக் கொண்டால், 12 + (30 × 1.5) = 57 ஜிகாபைட் போதும். ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு! பொருள் வசதி குறைந்த பள்ளிகளுக்கு இது பேருதவி அன்றோ?

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த ஒரே அடிக்கோப்பு கெட்டால் 30 பேரின் வேலையும் ஒருசேரக் கெடும். முழுக் குளோன்களில் ஒரு கோப்பு கெட்டால் ஒருத்தியின் வேலை மட்டுமே போகும். ஆகவே இணைப்புக் குளோன் வைத்திருப்போர், அடிக்கோப்பின் முழு நகல் ஒன்றை வேறிடத்தில் வைப்பது கட்டாயம். மாணவியர் எழுதுவனவற்றை இயக்க அமைப்புள்ள வட்டில் வைக்காமல், தனி வட்டில் வைத்து, அதையும் நாள்தோறும் வேறிடத்தில் நகலெடுப்பது அதைவிட நன்று. அப்போது இயக்க அமைப்பை எத்தனை முறை பின்னோக்கித் திருப்பினாலும், எவருடைய கட்டுரையும் மறையாது.

இரட்டையர் சிக்கல்

உருவத்தில் ஒத்த இரட்டைச் சகோதரியர் ஒரே வகுப்பில் இருந்தால் வருகைப் பதிவேட்டில் குழப்பம் வராதிருக்க, இருவருக்கும் வெவ்வேறு பெயர் வைக்கிறோம். குளோன்களுக்கும் அப்படியே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு வலையமைப்பு அட்டைக்கும் 48 பிட் நீளமுள்ள முகவரி எண் ஒன்று உண்டு. ஒரே வலையமைப்பில் இரு கணினிகளுக்கு ஒரே எண் இருந்தால், ஒன்றுக்கு வரவேண்டிய செய்தி மற்றொன்றுக்குப் போய், இரண்டும் திணறும். குளோன் செய்யும் மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த எண்ணைப் புதிதாக மாற்றித் தரும். ஆனால் வட்டுக்குள் எழுதப்பட்ட அடையாளங்கள் தாமாக மாறுவதில்லை. கணினியின் பெயர், லினக்ஸ் இயக்க அமைப்பு தனக்கென வைத்திருக்கும் 128 பிட் அடையாள எண், பாதுகாப்பான தொடர்புக்குரிய இரகசியத் திறவுகோல்கள் ஆகியவை அப்படியே நகலாகிவிடும். வீட்டை நகலெடுத்தபோது பூட்டின் சாவியும் நகலானது என்று கொள்ளலாம். ஒரு வீட்டுச் சாவி தொலைந்தால் எல்லா வீடும் திறந்துகொள்ளும். எனவே குளோன் எடுக்குமுன் இவற்றை நீக்கிவிட வேண்டும். புதிய கணினி முதன்முறை எழும்போது தனக்கெனப் புதியவற்றை உண்டாக்கிக்கொள்ளும். விண்டோஸில் இதற்கென்றே சிஸ்பிரெப் என்னும் கருவி உண்டு.

தான் நகல் என்பதும், காலத்தில் பின்னோக்கிக் கொண்டுவரப்பட்டோம் என்பதும் கணினிக்குத் தானாகத் தெரியாது. இதனால் விளையும் தொல்லைகளைக் கண்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012-இல் வெளிவந்த தன் விண்டோஸ் சர்வரில் 128 பிட் அடையாள எண் ஒன்றை அமைத்தது. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாலோ, குளோன் எடுத்தாலோ இந்த எண் மாறிவிடும். உள்ளே உள்ள இயக்க அமைப்பு அதைக் கண்டு, "நாம் பின்னோக்கி வந்திருக்கிறோம்" என்று தெரிந்துகொள்ளும்.

இரண்டு படிப்பினைகள்

இப்போது நாம் முதலில் சொன்ன செய்திக்கு வருவோம். ஸ்னாப்ஷாட்டையும் குளோனையும் காப்பு நகல் என்று நம்பலாமா? உலகில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இதற்கு விடை கூறுகின்றன.

கோட் ஸ்பேசஸ் என்னும் நிறுவனம், மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைப் பாதுகாத்துக் கொடுக்கும் தொழிலைச் செய்துவந்தது. தன் கணினிகளை அமேசான் நிறுவனத்தின் மேகக் கணினிச் சேவையில் வைத்திருந்தது. அந்தச் சேவையில் ஸ்னாப்ஷாட்கள் மூல வட்டைச் சாராமல் வேறு சேமிப்பிடத்தில் வைக்கப்படுகின்றன. எனவே வட்டு கெட்டாலும் அவை பிழைக்கும். ஆனால் 2014 ஜூனில் ஒரு தீயவன் அந்நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்துக்குள் நுழைந்து பணம் கேட்டு மிரட்டினான். அவனை வெளியேற்ற முயன்றபோது, அவன் ஸ்னாப்ஷாட்களையும் கணினிப் படிமங்களையும் நகல்களையும் பெரும்பாலும் அழித்துவிட்டான். அந்நிறுவனம் தொடர்ந்து நடக்க முடியாமல் மூடப்பட்டது. நகல்கள் பலவாக இருந்தும் அவற்றுக்குச் சாவி ஒன்றாகவே இருந்தது.

அடுத்தது, பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 2021 மார்ச் 10 அன்று நிகழ்ந்தது. ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. அடுத்த கட்டடத்திலும் ஒரு பகுதி சேதமுற்றது. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஆறுதல். ரஸ்ட் என்னும் விளையாட்டை நடத்துவோர், தங்கள் ஐரோப்பிய சர்வர்கள் 25 அழிந்தன என்றும், அவற்றிலிருந்த தரவை மீட்க முடியாது என்றும் அறிவித்தனர். வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மீண்டெழுந்தார்கள்.

ஆகவே, எத்தனை நகல் என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அவை ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றனவா, ஒரே கூரையின்கீழ் இருக்கின்றனவா, ஒரே சாவியால் திறக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். நிழற்படக் கலைஞரான பீட்டர் குரோக் என்பவர் பரப்பிய 3-2-1 என்னும் விதி இதற்கு நல்ல வழிகாட்டி. 3 பிரதிகள், 2 வகைச் சேமிப்பு, அவற்றுள் 1 பிரதி வேறிடத்தில். நம் தாய்மார்கள் வீட்டுப் பத்திரத்தின் நகலைப் பெட்டியில் ஒன்றும் உறவினர் வீட்டில் ஒன்றுமாக வைப்பதும் இதே அறிவினால்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் அலுவலகத்திலோ கடையிலோ கணக்குகள் மெய்நிகர் கணினியில் இருந்தால், அதைக் கவனிப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கணினி இன்று இரவு எரிந்துபோனால், நாளைக் காலையில் எதைக் கொண்டு கடையைத் திறப்போம்?" "ஸ்னாப்ஷாட் இருக்கிறது" என்று விடை வந்தால், "அது எங்கே இருக்கிறது?" என்று தவறாமல் அடுத்த கேள்வியையும் கேளுங்கள்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. மாற்றம் ஒன்றைச் செய்யுமுன் ஸ்னாப்ஷாட் எடுக்க. மாற்றம் நன்றாக அமைந்ததும் அதை நீக்குக.
2. அடிக்கோப்பையும் மேற்கோப்பையும் கையால் தொடாதிருக்க.
3. பழைய நிலைக்குத் திரும்புமுன், இடையில் செய்த நல்ல வேலை எது என்று எண்ணிப் பார்த்து அதை வெளியே எடுத்துவைக்க.
4. குளோனுக்குப் புதிய பெயரும் புதிய திறவுகோலும் தருக.
5. காப்பு நகலை வேறிடத்தில் வைக்க. அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது செய்து பார்க்க.

சிந்தித்து விடை காண்க

1. 20 ஜிகாபைட் வன்தட்டில் 64 கிலோபைட் கட்டங்கள் எத்தனை?
2. ஸ்னாப்ஷாட்டை நீக்கினால் இன்றைய வேலை அழியுமா? காரணம் கூறுக.
3. 40 மாணவியர், அடிக்கோப்பு 15 ஜிகாபைட், ஒவ்வொருவரின் மாற்றமும் 2 ஜிகாபைட். இருவகைக் குளோன்களுக்கும் தேவையான இடத்தைக் கணக்கிடுக.
4. ஒரே அலமாரியில் உள்ள இரு வட்டுகளில் முழுக் குளோன்கள் இருந்தால், அவற்றைப் போதிய காப்பு எனலாமா?

முடிவுரை

கோப்பாக மாறிய கணினியை நொடியில் நிறுத்தலாம், பின்னோக்கித் திருப்பலாம், முப்பதாகப் பெருக்கலாம் என்று கண்டோம். ஸ்னாப்ஷாட் துணிந்து முயன்று பார்க்க உதவுகிறது. குளோன் ஒருவர் அமைத்ததைப் பலருக்குப் பகிர்ந்தளிக்க உதவுகிறது. பாதுகாப்பை மட்டும் அவற்றிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கிவிடக் கூடாது. அந்தப் பொறுப்பு நம்முடையது. டிரேசிங் பேப்பர் எவ்வளவு அழகாக வரையப்பட்டிருந்தாலும், அடியிலுள்ள நிலப்படத்தைப் பத்திரப்படுத்தும் மாணவியே நன்கு கற்றவள் ஆவாள். தோழியரே, அடுத்த முறை கணினிக்கூடத்துக்குச் செல்லும்போது, நம் வேலையின் நகல் எங்கே இருக்கிறது என்று ஆசிரியையிடம் கேட்டறிவோமாக!